விலையில்லாததும் கட்டற்றதும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குச் செல்பவர், மாநில எல்லையைக் கடந்துவிட்டதைக் கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொண்டுதான் அறிய வேண்டும். ரப்பரும் மரவள்ளியும் வாழையும் இருபுறமும் ஒன்றே. பேச்சும் பெரிதாக மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரைந்தவர்கள் வட்டங்களைப் பிரித்தார்கள். குடும்பங்களைப் பிரிக்க அவர்களால் இயலவில்லை. வீடு பாறசாலையில், கடை களியக்காவிளையில், மாமனார் வீடு மார்த்தாண்டத்தில் என்று முகவரி சொல்லும் வாடிக்கையாளர்கள் எல்லையோரக் கிளைகள் எல்லாவற்றிலும் உண்டு.

இந்த எல்லையில் ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பொருள்கள் நிலவுவதை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். தமிழ்நாட்டுப் பக்கத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்பட்டது. அதன் அதிகாரபூர்வப் பெயர் ‘விலையில்லா மடிக்கணினி’. ‘இலவசம்’ என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் தாழ்வைத் தவிர்க்கவே அப்பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது போலும். கேரளப் பக்கத்தில் பள்ளிக் கணினிகளைப் பற்றிப் பேசும்போது காதில் விழும் சொல் வேறு: ‘ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர்’. தமிழில் நாம் அதைக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்தான். அதனால் அம்மொழியினர் விலையில்லாமையா, விடுதலையா என்று ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தொல்லை நம் இரு மொழிகளுக்கும் இல்லை.

சொல்லாராய்ச்சி வங்கி இதழில் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்று கேட்கிறது. சற்றே பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை வைத்திருப்பவர், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் தொடர்வதா, புதியது வாங்குவதா என்று தடுமாறுகிறார். அவர்களுள் சிலர் கடனுக்கான விண்ணப்பத்தோடு எங்கள் மேசைக்கு வருகிறார்கள். விலையில்லாததற்கும் கட்டற்றதற்கும் உள்ள வேறுபாடு இப்படித்தான் வரவுசெலவுக் கணக்குக்குள் நுழைந்துவிட்டது.

நான் வணிகவியல் படித்தவன். கணினி எனக்குப் பாடமாக வரவில்லை. பணியில் கருவியாக வந்து, பிறகு பொழுதுபோக்காக ஒட்டிக்கொண்டது. எனவே கட்டற்ற மென்பொருளை நான் புரிந்துகொண்டதும் தணிக்கையின் வழியாகத்தான். ஒரு நிறுவனம் தன் இலாபநட்டக் கணக்கை மட்டும் காட்டிவிட்டு, பேரேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டால் எந்தத் தணிக்கையாளரும் கையொப்பமிட மாட்டார். நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் பேரேடு காட்டாத நிறுவனங்களைப் போன்றவை. விளைவு திரையில் தெரிகிறது. அவ்விளைவு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லும் மூலநிரல் மூடப்பட்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் அப்பேரேடு திறந்திருக்கும். யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், தமக்கு வேண்டியபடி திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். விலை வாங்கிக்கொண்டு விற்பதற்கும் தடையில்லை. ‘திறமூல மென்பொருள்’ என்று 1998 முதல் வழங்கும் பெயர் ஏறக்குறைய இதே மென்பொருள்களைத்தான் குறிக்கிறது. ஆனால் அப்பெயரை விரும்புவோர் பயனையும், பழைய பெயரை விரும்புவோர் உரிமையையும் முன்னிறுத்துவார்கள். அவர்கள் வழக்கில் நாம் சாட்சி சொல்லப் போக வேண்டியதில்லை.

இந்த இயக்கத்தின் தொடக்கக் கதை ஓர் அச்சுப்பொறியைப் பற்றியது. பாஸ்புக் அச்சிடும் பொறியோடு நாள்தோறும் போராடும் வங்கிப் பணியாளர்களுக்கு அது உடனே விளங்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு, நம்மூரில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை நன்கொடையாக அளித்தது. பழைய பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போரின் திரையில் செய்தி வருமாறு ஆய்வகத்தார் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தனர். புதிய பொறிக்கு அவ்வாறு செய்ய மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் கேட்டபோதும், வெளியிடமாட்டேன் என்று ஒப்பந்தமிட்டிருக்கிறேன் என்ற விடைதான் கிடைத்தது. கேட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் 1983-இல் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதனோடு சேர்ந்தபோது ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடித்தளமும் அந்தக் கருநிரல்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ‘அதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று சொல்பவர், அச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.

கேரளத்துக்கு வருவோம். 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் நேரில் வந்து தொடங்கிவைத்தார். அதே காலத்தில்தான் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் தொடங்கியது. தொடக்கத்தில் பாடத்திட்டம் விண்டோஸைச் சுற்றியே அமைந்திருந்தது. அரசுப் பள்ளியின் பாடநூல் ஒரே நிறுவனத்தின் விற்பனைப் பொருளைக் கற்பிக்கலாமா என்று ஆசிரியர் அமைப்பிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்விக்கு அரசு செவிசாய்த்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, டெபியன், உபுண்டு ஆகியவற்றின் அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அமைத்து, படிப்படியாக மாறினார்கள். 2008-இல் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. 2017-இல் இத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. மறு ஆண்டில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்கள் பள்ளிதோறும் அமைந்தன.

இதனால் மிச்சமான தொகை எவ்வளவு? 2019-இல் புதிய பதிப்பு 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குச் சென்றபோது, மாநிலத்துக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கூறப்பட்டது. கணக்குப் படித்தவனுக்கு இத்தகைய தொகையைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு கணினிக்கு 1.5 இலட்சம் ரூபாய் வருகிறது. கணினியின் விலையைப் போலப் பல மடங்கு! ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஈடாகச் சந்தையில் விற்கும் மென்பொருளின் முழு விலையையும் கூட்டினால்தான் அந்த எண் கிடைக்கும். எந்த அரசும் அவ்வளவையும் அந்த விலைக்கு வாங்கியிருக்காது. மொத்தக் கொள்முதலில் பெருந்தள்ளுபடி கேட்டிருக்கும். நான் கடன் மதிப்பீட்டில் இந்த எண்ணை அப்படியே ஏற்கமாட்டேன். ஆயினும் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது 300 கோடி. அத்தொகை வெளியே போகாமல் ஆசிரியர் பயிற்சியிலும் கருவிகளிலும் இறங்கியிருந்தால், ஈவு நல்லதென்றே சொல்வேன்.

எல்லையோரக் கிராமங்களில் இதன் பயன் பணத்தோடு நிற்கவில்லை. கேரளத்தில் தமிழும் கன்னடமும் சிறுபான்மை மொழிகள். அம்மக்கள் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களோடு கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று அம்மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்குப் பாடநூல்களும் தமிழில் அச்சாகின்றன. கணினிப் பாடநூலும் அவற்றுள் ஒன்று. இப்பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியது. வணிக நோக்கில் பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் ‘கேரளத்துத் தமிழ் மாணவருக்கான பதிப்பு’ என்று ஒன்றை வெளியிடக் காரணமே இல்லை. கட்டற்ற மென்பொருளிலோ அந்த முடிவை நிறுவனம் எடுப்பதில்லை. கே.டி.இ., க்னோம் ஆகிய திரைமுகப்புகளைத் தமிழாக்கியவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைத்த தன்னார்வலர்கள். அவர்கள் சென்னையிலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் இருந்து செய்த வேலை, ஒரு வரி ஒப்பந்தமும் இன்றிப் பாறசாலைப் பள்ளிக் கணினிக்குள் வந்து அமர்ந்துகொள்ள முடியும். அமைப்புகளுக்குள் சென்று மொழியைத் தமிழுக்கு மாற்றினால் போதும்.

இங்கே விசைப்பலகையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கேரளப் பள்ளிகளில் மலையாளத் தட்டச்சுக்குக் கற்பிக்கப்படுவது இன்ஸ்கிரிப்ட் முறை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக நடுவணரசு அமைத்த முறை அது. ஒரே ஒலி எந்த மொழியிலும் ஒரே விசையில் இருக்கும். மலையாளக் ‘க’ எங்கேயோ அங்கேயே தமிழ்க் ‘க’வும், ‘ம’, ‘ப’, ‘ர’ எல்லாம் அப்படியே. ஆகவே மலையாளத்தில் தட்டச்சு கற்ற பிள்ளைக்கு, விரலுக்குப் புதிய பயிற்சி ஏதுமின்றித் தமிழும் வந்துவிடுகிறது. ‘ழ’, ‘ற’ போன்ற எழுத்துகளைக்கூட நம் இரு மொழிகளும் பங்கிட்டுக்கொள்வதால் தயக்கத்துக்கே இடமில்லை. எல்லைக்கு இப்பால், தமிழ்நாடு 1999-இல் ஏற்றது தமிழ்99 முறை. தமிழின் எழுத்தமைப்பை மட்டும் கருத்தில் கொண்டு வடிவமைத்ததால் அது வேகமானது, அழகானதும்கூட. ஆனால் அதில் ‘க’ வேறு விசைக்குப் போய்விடும். களியக்காவிளைப் பிள்ளையும் பாறசாலைப் பிள்ளையும் ஒரே சொல்லைத் தட்டச்சு செய்ய விரல்களை வெவ்வேறு இடங்களில் வைக்கிறார்கள். வேடிக்கையாக, ‘தமிழ்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘த’ இரு முறைகளிலும் ஆங்கில ‘எல்’ விசையிலேயே அமர்ந்திருக்கிறது. லினக்ஸில் இரண்டு முறைகளும் கிடைக்கும், வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டின் கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் அடிப்படையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம், விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே நிறுவப்பட்டது. ஆகக் கட்டற்ற மென்பொருள் இப்புறத்தில் பள்ளி ஆய்வகத்தில் நிற்கவில்லை, வீட்டுக்கே போயிற்று. போன இடத்தில் பயன்பட்டதா? என் பார்வைக்கு வந்த மடிக்கணினிகளைக் கொண்டு சொன்னால், பெரும்பாலும் இல்லை. கணினியைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் தோன்றும். பிள்ளை தனக்குத் தெரிந்த பெயரைத் தேர்ந்துகொள்ளும். சில நாள்களில் அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடைக்காரர் ‘இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது’ என்று மற்றதை அழித்துவிடுவார். கருவியைக் கொடுத்தார்கள், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையும் தேர்வையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. கேரளத்தில் கணினி பிள்ளைக்குச் சொந்தமில்லை. ஆனால் ஆசிரியருக்குப் பயிற்சி இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. பெற்றோர் மதிப்பெண்ணுக்கு மயங்காத ஊர் எங்கே இருக்கிறது? எனக்கு வேண்டியது இரண்டும் கலந்தது: அப்புறத்துப் பயிற்சியும் இப்புறத்து உடைமையும்.

இனிக் கடன் மேசைக்கு வருகிறேன். கணினிக்கும் அதனோடு வரும் மென்பொருளுக்கும் வருமான வரி விதிகள் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கின்றன. 40,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி, முழு ஆண்டுகளாகக் கொண்டால், முதல் ஆண்டு முடிவில் ஏட்டில் 24,000; பிறகு 14,400; 8,640; நான்காம் ஆண்டு முடிவில் 5,184. ஏட்டில் உயிர் போய்விட்டது. மேசைமேல் அது கடிதம் தட்டச்சு செய்துகொண்டும் ரசீது அச்சிட்டுக்கொண்டும் இருக்கிறது. அதைக் குப்பைக்கு அனுப்பும் காரணம் இயந்திரத்தில் இல்லை. வேறொருவர் நிர்ணயித்த தேதியில் இருக்கிறது.

அத்தகைய கணினியில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் தாராளமாக ஓடும். பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், உரிமையாளரே இது தம் கணினிதானா என்று ஐயுறுவார்; புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு. நிறுவுவதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு பென் டிரைவில் இயங்குதளத்தை எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸும் கோப்புகளும் தொடப்படாமல் இருக்கும். வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, ஒலி வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நிறுவ முடிவு செய்தால் முதலில் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம். உதவிக்கு ஆள் தேட வேண்டாம். பாறசாலைப் பக்கத்தில் வீடு இருந்தால், எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு இது தேர்வுப் பாடம்.

ஆனால் எல்லோரும் மாறிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். டேலியில் கணக்கெழுதும் வணிகர், விண்டோஸோடு இருப்பதே நல்லது. ஜி.எஸ்.டி. இணையதளம் தரும் ஆஃப்லைன் கருவி விண்டோஸை எதிர்பார்க்கிறது. மின்னணுக் கையொப்பத்துக்கான யு.எஸ்.பி. டோக்கன்களை லினக்ஸில் பேசவைப்பது பொறுமைசாலிகளுக்கே உரிய வேலை. சில ரசீது அச்சுப்பொறிகளும் அப்படித்தான். இவர்களுக்கு என் கருத்து, ஒரு கணினியை முறையான உரிமத்தோடு புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், கடையிலும் வீட்டிலும் உள்ள மற்றவற்றை மாற்றுங்கள் என்பதே. மூன்று கணினிகளுக்குக் கடன் கேட்டு வருபவருக்கு ஒன்று போதுமென்றால், தவணையும் மூன்றில் ஒன்றுதான். கடன் வழங்கும் அதிகாரி இப்படிப் பேசலாமா என்று என் சக அதிகாரிகள் கேட்பார்கள். திருப்பிச் செலுத்தப்படும் சிறிய கடன், செலுத்தப்படாத பெரிய கடனைவிட எனக்குப் பிடிக்கும்.

கடிதம், கணக்குத்தாள் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆஃபிஸ் போதும். சிறு சங்கங்கள், குடியிருப்போர் அமைப்புகள் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைக்க ‘க்னூகேஷ்’ இருக்கிறது. வணிகவியல் மாணவர்களுக்கும் அதை நான் பரிந்துரைப்பேன், பற்றும் வரவும் சமமாகாமல் அது ஓர் அடி நகராது. வி.எல்.சி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருமண வீடியோ பார்க்காத வீடில்லை.

‘எங்களிடம் விண்டோஸ் இலவசமாகவே இருக்கிறது’ என்று சிலர் சொல்வார்கள். கடைக்காரர் போட்டுக்கொடுத்த திருட்டு நகலைத்தான் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். விலையில்லாதது என்பது உண்மை. ஆனால் அதன் உரிமப் பூட்டை உடைத்தவர் யார், உடைத்த கையோடு உள்ளே எதை வைத்துவிட்டுப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் சிறு நிரல் ஒன்று போதும். உங்கள் இணைய வங்கிக் கடவுச்சொல் போய்விடும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்த அடிப்படை இது: வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை, அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததென்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. திருட்டு நகலில் வங்கிப் பணி செய்தது எந்தப் பக்கத்தில் சேரும் என்ற வாதத்துக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ள வேண்டாம். பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள்.

கட்டற்ற மென்பொருளிலும் ஓட்டை விழும். 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பிழை வெளிப்பட்டது. உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் அது ஏறத்தாழ இரண்டாண்டுகள் கிடந்திருக்கிறது. அந்த மென்பொருளைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். பேரேடு திறந்திருந்தது, புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. மாறாக, 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு கருவிக்குள், சில ஆண்டுகள் நல்லவராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அளவு தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் துருவினார், மூலநிரல் திறந்திருந்ததால் கள்ளவழியைக் கண்டுபிடித்தார். பெரிய சேதம் நேரும் முன் உலகம் தப்பியது. அவர் பணிபுரிந்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் என்பது இக்கதையின் சுவையான பகுதி. ரொக்கக் கணக்கில் 10 ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போகாமல் தேடும் காசாளர்களை நினைவூட்டுகிறார் அவர்.

பதிவிறக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்தையே ஊடுருவி, கள்ளவழி பொருத்திய பதிப்பை ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஆகவே பதிவிறக்கியதும் அத்தளம் சொல்லும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பார்ப்பதைப் போன்ற பழக்கமாக வேண்டும். தொலைபேசியில் இது இன்னும் முக்கியம். திருமண அழைப்பு, போக்குவரத்து அபராதம், வங்கியின் கே.ஒய்.சி. என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை எக்காரணத்தாலும் நிறுவாதீர்கள். ஆண்ட்ராய்டு திறமூலம் என்பதால் அதில் ஓடும் எல்லாம் நல்லவை என்றாகாது. வங்கிச் செயலியைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு பழமையானது: நிறுவனம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட தொலைபேசியில் அது வேண்டாம். அத்தொலைபேசி பாட்டுக் கேட்கட்டும்.

கருவிகளைப் பற்றிக் கேட்டால் நான் கடைசியாக மகிழ்ந்தது விலையுயர்ந்த தொலைபேசியைக் கண்டன்று. ஆர்டுயினோ என்ற உள்ளங்கையளவுப் பலகையைக் கண்டு. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான அதன் மின்சுற்று வரைபடமும் கட்டற்றது. வரைபடம் வெளிப்படையாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கிறார்கள். விலையும் மாணவருக்கு எட்டும் அளவில் இருக்கிறது. கேரளத்தில் லிட்டில் கைட்ஸ் குழுக்களுக்கு வழங்கிய கருவிப் பெட்டிகளில் இப்பலகை இருக்கிறது. மண்ணின் ஈரம் குறைந்தால் நீர் இறைக்கும் மோட்டாரை இயக்குவது அதில் பிள்ளைகள் செய்யும் எளிய பயிற்சி. வாழைத் தோட்டம் வைத்திருக்கும் தந்தையர் இதை விளையாட்டு என்று ஒதுக்காமல் ஒருமுறை தோட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தி. மலையாள மொழிக்கென 2002-இல் தொடங்கிய ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற தன்னார்வக் குழு, மீரா, ரசனா முதலிய மலையாள எழுத்துருக்களை உருவாக்கிப் பராமரிக்கிறது. அக்குழுவினர் தமிழுக்கும் ஓர் எழுத்துருவைச் செய்து தந்திருக்கிறார்கள். பெயர் ‘மீரா இனிமை’. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. எல்லைக்கு அப்புறத்தில் மலையாளிகள் வடித்த தமிழ் எழுத்து; யாரும் கேட்டுச் செய்ததில்லை, யாரும் விலை கொடுக்கவும் இல்லை. இக்கட்டுரையை நான் லிப்ரே ஆஃபிஸில், இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில், அந்த எழுத்துருவில்தான் எழுதி அனுப்பினேன். இதழின் அச்சுக்கோப்பாளர் வேறு எழுத்துருவுக்கு மாற்றியிருக்கக்கூடும்.